தண்ணி போகிற வரிசையில்: மலையக வீட்டுக்கும் தோட்டத்துக்கும் ஐப்பசி முதல் மார்கழி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீடு ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில், ஒரு சரிவில் இருக்கிறது. ஒக்டோபர் பிறந்ததும் ஒரு நாள் எப்படிப் போகும் என்பது எனக்கு மனப்பாடம். காலையில் பளிச்சென்று வெயில். பத்து மணிக்குத் துணி காயப்போடலாம். இரண்டு மணிக்கு மலைக்குப் பின்னால் கறுக்கும், மூன்றரைக்கு இடி, நாலு மணிக்குத் தகரத்தில் விழுகிற மழையில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. ஐப்பசி இப்படி. கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் ஏதாவது ஒரு தாழமுக்கம் வந்து நின்றால், இரவு பகல் பார்க்காமல் இரண்டு மூன்று நாள் ஊற்றும். 'கார்த்திகைக்கு மிஞ்சிய மழையுமில்லை, கர்ணனுக்கு மிஞ்சிய கொடையுமில்லை' என்பதை அம்மா வாளியை எடுத்து ஒழுக்குக்கு நேரே வைத்துக்கொண்டே சொல்வார். அப்புறம் மார்கழியில் வடகீழ்ப் பருவக்காற்று. பதுளை, பசறை, மடுல்சீமைப் பக்கத்துச் சரிவுகளுக்கு அது பெரிய மழை. ஹற்றன், மஸ்கெலியாக்காரர்களின் கணக்கு வேறு. அவர்களுடைய பெரிய மழை மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்றோடு வந்து போய்விடும். ஆனாலும் ஒக்டோபர், நவம்பர் இடிமழை இரண்டு பக்கத்துக்கும் பொது.

இந்த மூன்று மாதத்துக்கு என்ன செய்து வைக்கவேண்டும் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். தகரம், விறகு, மாட்டுப்பட்டி, கம்பளி. எல்லாம் சரிதான். எதை முதலில் செய்வது என்பதில்தான் சறுக்குகிறோம். மலையில் வேலை மேலிருந்து கீழே வரவேண்டும், தண்ணி வருகிற அதே வரிசையில். வீட்டுக்கு மேலே உள்ள சரிவு, பிறகு கூரை, பிறகு சுவரைச் சுற்றி, பிறகு பாத்தி, மாட்டுப்பட்டி, கடைசியாகக் கீழ் வரம்பு. நான் ஒரு வருடம் பாத்தியெல்லாம் அழகாக எடுத்துவிட்டு, மேல் கானை, அதாவது தண்ணி வடிகிற வாய்க்காலை, அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று விட்டேன். சனிக்கிழமை இரவு மேலிருந்து வந்த மண், கரட் பாத்தி நாலையும் மூடிவிட்டது. விதைத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

வீட்டுக்கு மேலே

செப்டெம்பர் கடைசிக்குள் இதை முடியுங்கள். மண் காய்ந்திருக்கும்போதுதான் அது எங்கே வெடித்திருக்கிறது என்று தெரியும்.

புது வீட்டுத் திட்டங்களில் நம்மில் பலருக்குக் கிடைத்தது 7 பேர்ச் காணி, அதாவது 1900 சதுர அடியை ஒட்டி. அதில் 550 சதுர அடி வீடு. சரிவை வெட்டித்தான் அந்த இடத்தை எடுத்திருப்போம். வெட்டிய இடத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு மண்சுவர் நிற்கும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மெஷின்காரர் சுவர் மாதிரி நேராக வெட்டிவிட்டுப் போனார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. முதல் ஐப்பசியிலேயே ஒரு லொறி மண் குசினிச் சுவரில் வந்து சாய்ந்தது. வெட்டு சாய்வாக இருக்கவேண்டும், சுவருக்கும் வெட்டுக்கும் நடுவில் ஆள் நின்று மண்வெட்டி பிடிக்கிற அளவாவது இடம் வேண்டும். இதை இன்னும் வீடு கட்டாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதலில் அந்த வெட்டுக்கு மேலே ஏறி நடந்து பாருங்கள். வெயில் காலத்து வெடிப்புகள் அங்கும் இங்குமாக, சிலந்தி வலை மாதிரி, ஆழமில்லாமல் இருக்கும். அவற்றில் களிமண்ணைப் போட்டு அலவாங்கின் தடித்த பக்கத்தால் இடித்து மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் மழை முழுக்க அதற்குள்தான் இறங்கும். ஆனால் ஒரு வெடிப்பு சரிவுக்குக் குறுக்கே நீளமாக, பிறை மாதிரி வளைந்து ஓடி, அதன் கீழ்ப்பக்கம் கொஞ்சம் தாழ்ந்தும் இருந்தால் அதை மூடிவிட்டுச் சும்மா இருக்கக்கூடாது. அங்கே மண் நகர ஆரம்பித்திருக்கலாம். கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, மாவட்டத்திலுள்ள தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவன அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும்.

அடுத்தது கான். எங்கள் பணிய லயத்தில், அதாவது கீழ்ப்பக்கத்து வரிசை வீடுகளில், ஒரு மாமா இருக்கிறார், முப்பது வருடம் தோட்டத்தில் கான் வெட்டியவர். முதல் தடவை நான் வெட்டிய கானைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கானா, தண்ணிக்குச் சறுக்குமரமா?" என்று கேட்டார். சரிவோடு நேரே கீழே இறக்கியிருந்தேன். அப்படி இறக்கினால் தண்ணி வேகமெடுத்து அடிமண்ணையே தோண்டிக்கொண்டு போகும். கான் சரிவுக்குக் குறுக்கே போகவேண்டும். நூறடிக்கு ஓரடி இறங்கினால் போதும். தேயிலை மலையில் குறுக்குக் கானுக்கு 120க்கு 1 என்பது கணக்கு. கண்ணால் பார்த்து இதைப் பிடிக்க முடியாது. கண்ணாடி மாதிரி தெரிகிற ஹோஸ் குழாய் முப்பதடி வாங்கி, தண்ணி நிரப்பி, இரண்டு கம்பில் இரண்டு நுனியையும் கட்டி மட்டம் பாருங்கள். மாமா ஒருவர் மட்டும் குழாய் இல்லாமலே சொல்வார், அது அவருடைய கண்.

ஓரடி அகலம், ஓரடி ஆழம் போதும். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கக் கரையில் போட்டு மிதித்து விடுங்கள். மேல்பக்கம் போட்டால் அடுத்த மழையில் அது மறுபடி கானுக்குள்தான் இருக்கும்.

இங்கே ஒன்றை நிதானமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் தோட்ட அனுபவம் உள்ளவர்களே இதில் தவறுகிறார்கள். தேயிலை மலையில் கானுக்குள் இடையிடையே மண்ணைத் தடுப்பாக விட்டு, சின்னச் சின்னக் குழியாக வைப்பார்கள். ஓடிவருகிற மண் அதில் தங்கும், தண்ணி மெல்ல நிலத்தில் இறங்கும். தேயிலைக்கு அது நல்லது. வீட்டுக்குப் பின்னாலுள்ள வெட்டுக்கு மேலே அதே மாதிரி குழி வைத்தால், இறங்குகிற தண்ணி அந்த வெட்டுக்குள்தான் போய் நிற்கும். ஈரம் ஏற ஏற மண்ணின் பாரம் கூடும், பிடி விடும். அதனால் வீட்டுக்கு மேலே உள்ள கானில் ஒரு சொட்டும் நிற்கக்கூடாது. குழியும் தடுப்பும் வீட்டைத் தாண்டி, பாத்திப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கான் எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். இயற்கையான ஓடை, கல் பாவிய இடம், தோட்டத்துப் பெரிய கான், இவற்றில் ஒன்றில் முடியவேண்டும். பக்கத்து வீட்டு அண்ணனின் வெட்டுக்கு மேலே கொண்டுபோய் விட்டால் மழை முடியுமுன் சண்டை வரும், சண்டை வராவிட்டால் மண் வரும். அவரையும் கூப்பிட்டுக்கொண்டு இருவருமாக ஒரே கானாக வெட்டுவது மேல்.

வெட்டின் முகத்தில் உள்ள புல்லைச் சுரண்டியால் வழிக்காதீர்கள். தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவாக்குகிறேன் என்று இதைப் பலர் செய்கிறார்கள். புல்லை முழங்கால் உயரத்துக்குக் கத்தியால் வெட்டிவிட்டால் போதும், வேர் மண்ணில் இருக்கட்டும். வெற்றிடம் இருந்தால் மானாப் புல்லோ வெட்டிவேரோ நட இப்போது நல்ல நேரம். மேலே சவுக்கு, யூகலிப்டஸ் மாதிரி உயரமான மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் கிளையைக் கழித்துப் பாரத்தைக் குறையுங்கள். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி எடுங்கள், அடிவேரைத் தோண்டி எடுக்காதீர்கள்.

கூரை

மழை இல்லாத ஒரு காலையில் கூரைக்குள்ளே நின்று, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு மேலே பாருங்கள். எங்கெல்லாம் ஊசிமுனை மாதிரி வெளிச்சம் வருகிறதோ அங்கெல்லாம் ஒழுகும். சோக்கட்டியால் அடையாளம் போட்டுக்கொண்டு அப்புறம் ஏறுங்கள். ஆணியின் ரப்பர் தேய்ந்திருந்தால் ஆணியையே மாற்றுங்கள், பழைய ஓட்டையில் சிமெந்து பூசுவது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. லயத்துத் தகரத்தின் மேல் கல் வைப்பது நம் பழைய பழக்கம். கல்லுக்குப் பதில் மணல் பையை இரண்டு இரண்டாகக் கயிற்றில் கட்டி, முகட்டின் இரு பக்கமும் தொங்கவிட்டால் உருண்டு விழாது, தகரமும் நெளியாது.

தண்ணியை ஏந்திக் கொண்டுபோகிற பீலி இல்லாத கூரை வேண்டவே வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர் தண்ணி. 550 சதுர அடி என்பது ஏறத்தாழ 51 சதுர மீற்றர். ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் பெய்தால் உங்கள் கூரையிலிருந்து மட்டும் 5000 லீற்றருக்கு மேல் விழும். ஆயிரம் லீற்றர்த் தாங்கி ஐந்து. அவ்வளவும் சுவரோரத்தில் விழுந்து அத்திவாரத்துக்குள் இறங்குவதற்கும், குழாய் வழியாகக் கானுக்குப் போவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத் தேவையில்லை. ஒரு பரல் நிரப்பிக்கொள்ளுங்கள், மிச்சத்தை அனுப்பிவிடுங்கள். பரலை வலையால் மூடுங்கள், நுளம்பு பெருகும்.

மலசலகூடக் குழிக்குள் கூரைத் தண்ணி ஒரு போதும் போகக்கூடாது. குழி நிரம்பினால் என்ன ஆகும் என்று நிரம்பிய வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

மழையை அளப்பது

இதை நான் வேலைகளில் ஒன்றாகவே சேர்க்கிறேன், ஏனென்றால் ராத்திரி இரண்டு மணிக்கு 'போவதா இருப்பதா' என்ற கேள்வி வரும்போது, பயமும் சோம்பலும் சேர்ந்து பதில் சொல்லக்கூடாது. ஒரு எண் சொல்லவேண்டும்.

நாலு அங்குலப் பீவிசி குழாய்த் துண்டு ஒன்றரை அடி எடுத்து, ஒரு பக்கம் மூடி ஒட்டுங்கள். மேலும் கீழும் ஒரே அகலமாக உள்ள எந்த டப்பாவும் ஆகும், கீழே குறுகுகிற வாளி ஆகாது. கூரைக்கும் மரத்துக்கும் எட்டாத இடத்தில் ஒரு கம்பில் நேராகக் கட்டுங்கள். தினமும் காலை எட்டரைக்கு, பிள்ளையின் அடிமட்டத்தை உள்ளே விட்டு அடியிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் தண்ணி நிற்கிறது என்று பாருங்கள். அடிமட்டத்தின் நுனியில் பூச்சியத்துக்கு முன் கொஞ்சம் வெறுமையாக இருக்கும், அதை வெட்டிவிடுங்கள். பார்த்ததும் குழாயைக் கவிழ்த்து வெறுமையாக்கிவிட்டுச் சுவர் கலண்டரில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் மகளுடைய வேலை இது. அவள் கலண்டரில் எண்ணை எழுதிவிட்டு, ஐம்பதுக்கு மேல் போனால் பக்கத்தில் குடை வரைந்து வைப்பாள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்குச் சொல்கிற அளவுகள் இவை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்கவேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக இருக்கவேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், உடனே வெளியேறவேண்டும். கனமழை நாளில் காலை எட்டரை வரை காத்திருக்காமல், இரண்டு மணிக்கொருமுறை டோர்ச் அடித்துப் பாருங்கள். முந்தின நாலைந்து நாளும் நல்ல மழை என்றால் மண் ஏற்கனவே நிறைந்துவிட்டது. அப்போது நான் 75லேயே பையைக் கையில் எடுத்துவிடுவேன். அது என் பயம், என் கணக்கு.

எண் குறைவாக இருந்தாலும் சில அடையாளங்கள் தெரிந்தால் நிற்கக்கூடாது. நேற்றுச் சாத்திய கதவு இன்றைக்கு இறுகுவது. சுவரிலும் நிலத்திலும் புது வெடிப்பு. மின்கம்பமோ வேலிக்கம்போ சாய்வது. இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது. குடிக்கப் பிடிக்கிற ஊற்றுப் பீலித் தண்ணி திடீரென்று சேறாக வருவது, அல்லது கொட்டும் மழையிலும் நின்றுபோவது. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்று மாமா சொல்வார். தண்ணி உள்ளே எங்கோ தேங்குகிறது என்று அர்த்தம்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் எத்தனை மலை சரிந்தது என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. இரண்டும் இதே மாதங்களில் நடந்தவை.

ஆகவே பையை ஒக்டோபர் முதல் வாரமே கட்டிக் கதவுக்குப் பின்னால் மாட்டுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், ஈபிஎஃப் கடிதங்கள், கிளினிக் அட்டை, ஒரு வாரத்து மாத்திரை, டோர்ச், ஒரு தடித்த உடுப்பு. எல்லாவற்றையும் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். எங்கே போவது என்பதையும் வெயில் நேரத்திலேயே நடந்து பாருங்கள். ஓடையைக் கடக்கிற பாதை ஆகாது, ஓடையோரமாகக் கீழே இறங்குகிற பாதையும் ஆகாது. மேட்டு முதுகு வழியாகப் பக்கவாட்டில் போகவேண்டும். போகும்போது மாட்டை அவிழ்த்துவிட்டுப் போங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, அம்புலன்ஸ் 1990. இரண்டையும் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள், ஃபோனில் சார்ஜ் இல்லாத இரவு பக்கத்து வீட்டு ஃபோன்தான் கிடைக்கும்.

அடுப்பும் விறகும்

கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் கிளை, சுமக்கிற நேரம் மழைக்கு முன்தான். ஒக்டோபரில் கொண்டுவந்த மிலாறு நவம்பரில் புகையும், எரியாது. ஆகஸ்டில் கொண்டுவந்தது சடசடவென்று பிடிக்கும். தாமதமானவர்கள் அடுப்புக்கு மேலே பரண் கட்டி, எரிப்பதற்கு ஒரு வாரம் முன்பே விறகை அங்கே ஏற்றிவிடுங்கள். கீழே எரிவது மேலே உள்ளதைக் காயவைக்கும். இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) அடுக்குவதென்றால் அடியில் இரண்டு கல் வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள். சுவரோடு ஒட்டினால் கறையான் வரும், தேளும் வரும்.

குளிருக்குக் கரிச்சட்டியைக் காம்பராவுக்குள் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது மட்டும் வேண்டாம். கரியின் புகை கண்ணுக்குத் தெரியாமல் ஆளைக் கொல்லும். அதைவிட, இரவு இஞ்சி தட்டிப் போட்ட சாயத்தண்ணியும் இரண்டு கம்பளியும் போதும்.

அரிசி, மா, பருப்பு, கருவாடு, உப்பு, தீப்பெட்டி ஒரு வாரத்துக்கு இருக்கட்டும். தீப்பெட்டியை மூடி போட்ட போத்தலுக்குள் வையுங்கள். பாதை அடைபட்டால் ரொட்டியும் கட்டச் சம்பலும்தான் சாப்பாடு, அதில் பெரிய குறையும் இல்லை.

பாத்தி

இந்த மாதங்களில் பாத்தியை ஒரு முழம் உயர்த்துங்கள். சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். ஓரத்துக்குக் கல்லோ கிளிரிசிடியாக் கம்போ வையுங்கள், கம்பு தானே முளைத்து வேலியாகிவிடும். இங்கேதான் கானுக்குள் குழி வைக்கலாம் என்று முன்னே சொன்னேன்.

என் அனுபவத்தில் மழைக்கு நின்று பிடிப்பது லீக்ஸ். அப்புறம் கரட், ஆனால் விதைத்த முதல் மூன்று வாரத்துக்குப் பாத்தியின் மேலே மானாப் புல்லை மெல்லியதாகப் பரப்பினால்தான். இல்லாவிட்டால் பெரிய துளி விதையையே எறிந்துவிடும். போஞ்சிக்குக் கம்பு உயரமாக, காற்றோட்டமாக வேண்டும். தக்காளியைத் திறந்த வெளியில் வைப்பது வீண். இரண்டு நாள் பனிமூட்டமும் தூறலும் சேர்ந்தால் இலை தீய்ந்த மாதிரி கறுத்து, ஒரு வாரத்தில் கொடியே போய்விடும். ஆசைக்கு நாலு செடி வேண்டுமென்றால் பொலித்தீன் கூரைக்குக் கீழே வையுங்கள். கோவாவில் வேர் கழலை கழலையாக வீங்கினால் அந்தச் செடியை உரக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள், அந்தப் பாத்தியில் பல வருடத்துக்குக் கோவா, நோக்கோல், ராபு வேண்டாம். நம் மண் புளிப்பு மண். நடுவதற்கு இரண்டு வாரம் முன் டொலமைட் தூவிக் கொத்திவிடுவது பழக்கமாக இருக்கட்டும். எவ்வளவு என்பதை உங்கள் மண்ணைப் பார்த்து விவசாயப் போதனாசிரியர் சொல்வார்.

யூரியாவைப் பின்னேர மழைக்கு முன் போடாதீர்கள். நீங்கள் போட்ட உரத்தில் கீழ் வீட்டுப் பூசணிதான் காய்க்கும்.

மாடும் கோழியும்

மாட்டுப்பட்டியில் தரை காய்ந்திருந்தால் பாதி நோய் வராது. குளம்புக்கு நடுவே அழுகுவதும் மடி வீங்குவதும் சேற்றில் படுப்பதால்தான் அதிகம். தரைக்கு ஒரு பக்கம் சாய்வு கொடுத்து, மூத்திரமும் தண்ணியும் ஒரு வாளிக்கு வந்து சேரும்படி செய்யுங்கள். அது பாத்திக்கு நல்ல உரம், ஐந்து மடங்கு தண்ணி கலந்து ஊற்றலாம். மழையில் அறுத்த கினிப்புல்லை அப்படியே போடாமல், முதல் நாளே அறுத்து இஸ்தோப்பில் வாடவிட்டுக் கொடுங்கள். வெறும் பச்சை ஈரப்புல் வயிற்றைக் கழியவைக்கும். சாணிக் குவியலைப் பொலித்தீனால் மூடுங்கள், மூடாவிட்டால் சத்தெல்லாம் ஓடையோடு போய், மார்கழியில் கையில் வெறும் சக்கைதான் மிஞ்சும்.

கோழிக்கூட்டில் மரத்தூள் ஈரமானால் அன்றைக்கே மாற்றவேண்டும். எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் மிருக வைத்தியர் அலுவலகத்துக்குப் போங்கள், கை வைத்தியம் பார்த்து நாள் கடத்தாதீர்கள்.

உடம்பு

புல்லறுக்கப் போகும்போது காலில் உப்பும் சவர்க்காரமும் தடவினால் அட்டை ஏறாது. கடித்துவிட்டால் பிய்த்து எறியாமல் நகத்தால் மெல்ல நெம்பி எடுங்கள். காலில் புண் இருக்கிறவர்கள் சேற்றில் இறங்கவேண்டாம். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். வேலை அதிலேதான் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். பீலித் தண்ணி கலங்கிய நாளிலிருந்து கொதிக்கவைத்துத்தான் குடிப்பது. இடி இடிக்கிற பின்னேரங்களில் டீவி பிளக்கைக் கழற்றி, அன்டெனா வயரையும் பிடுங்கி வையுங்கள். மலை உச்சியில் உள்ள வீடுகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

கீழ் வரம்பும் தை மாதமும்

வீட்டுக்குக் கீழே உள்ள கல் வரம்புதான் கடைசி. அதில் கற்களுக்கு நடுவே தண்ணி வெளியேற இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அழகுக்காகச் சிமெந்து பூசி அடைத்திருந்தால் இரண்டு அடிக்கு ஒன்றாக ஓட்டை விட்டுப் பைப் துண்டு செருகுங்கள். பின்னால் தண்ணி நின்ற வரம்புதான் வயிறு தள்ளி, ஒரு நாள் அப்படியே கீழே போகும்.

மழைக்காலம் முழுக்க, ஒவ்வொரு பெரிய மழைக்கும் மறுநாள் காலை மேல் கானை ஒரு நடை நடந்து பாருங்கள். இலையும் மண்ணும் அடைத்த இடத்தை மண்வெட்டியால் இரண்டு கொத்துக் கொத்தினால் பத்து நிமிட வேலை. ஒரு மாதம் விட்டால் ஒரு நாள் கூலி.

தை பிறந்து வெயில் திரும்பியதும் கானில் தேங்கிய வண்டலை எடுங்கள். கறுப்பாக, கையில் பிடித்தால் உருண்டு வரும். நம் பாத்தியிலிருந்தும் மேல் மலையிலிருந்தும் போன மேல்மண்தான் அது. தூக்கி எறிந்துவிடாமல் வாளியில் அள்ளிப் பாத்திக்கே கொண்டுபோங்கள். போன வருடம் எங்கள் கானிலிருந்து பதினேழு வாளி வந்தது. லீக்ஸ் பாத்திக்குப் பத்து, மிச்சத்தை மாமா வந்து தன் ரோஜாத் தொட்டிகளுக்கு எடுத்துக்கொண்டு போனார்.